இரண்டு முறை தலையாட்டியவர்

பொய் சொல்வதென்றால் சின்னதாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. "தலையாட்டினாங்க அண்ணி" என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "ரெண்டு தடவை ஆட்டினாங்க" என்று வேறு சேர்த்துக்கொண்டேன். அண்ணி அதை அப்படியே நம்பி, தன் நோட்டில் அந்தப் பாட்டுக்கு நேராக இரண்டு டிக் போட்டார். மற்ற பாட்டுக்கெல்லாம் ஒரே ஒரு டிக்தான். பதினோரு வருடமாக அண்ணி அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் நான் வேறெங்காவது பார்ப்பேன்.

எங்கள் பாட்டுக் குழுவில் நான்கு பேர். பாடுவதும் கிட்டார் வாசிப்பதும் என் அண்ணன்; பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வயலின் அண்ணி, பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். பேஸ் கிட்டார் எங்கள் பல் டாக்டர். ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் கை விட்டவர், மேடை ஏறினால் மட்டும் தன் வாயைத் திறக்க மாட்டார். டிரம்ஸ் நான். பகலில் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், என் கால் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். அதனால் வீட்டிலும் பேண்டிலும் எனக்குப் பெயர் பிரேக். டிரம்ஸ் வாசிக்கிறவளுக்கு இதைவிடக் கேவலமான பெயர் இருக்க முடியாது.

பேண்டின் பெயர் 'எல் போர்டு'. அதுவும் யோசித்து வைத்ததில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு சோபாக் கடைத் திறப்பு விழாவில் முதல் கச்சேரி. பெரிய டிரம்மின் தோலில் கிழிசல், அதை மறைக்கக் காரிலிருந்த எல் போர்டைக் கழற்றி மாட்டினேன். மைக் பிடித்தவர் அதைப் பார்த்து, "இப்போது உங்களுக்காக, எல் போர்டு!" என்று அறிவித்துவிட்டார். கேட்டது எட்டுப் பேர். அதில் மூன்று பேர் சோபா எப்படி இருக்கிறதென்று உட்கார்ந்து பார்க்க வந்தவர்கள்.

பயிற்சியெல்லாம் ஞாயிறு காலையில் எங்கள் டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில்தான். சுவரெல்லாம் போக்குவரத்துக் குறிகள், பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மேசை மேல் பாதியாக அறுத்து வைத்த ஒரு இன்ஜின். ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து மூன்று ஆல்பமும் அங்கேயே பதிவு செய்தோம். வெளியூர்க் கச்சேரிக்கும் அந்தப் பயிற்சிக் கார்தான் போகும். அண்ணி ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக் போட்டுத் திட்டு வாங்குவேன்.

பாட்டு எங்களுடையது இல்லை. அங்கங்கே வேலை செய்கிறவர்கள் வேலைக்கு நடுவே பாடுவதைக் கேட்டு, அனுமதி வாங்கிப் பதிவு செய்துகொண்டு வருவோம். லிஃப்ட் ரிப்பேர்காரர், மூட்டை தூக்குகிறவர், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அம்மா என்று யாராக இருந்தாலும் சரி. அதை கிட்டாரோடும் டிரம்ஸோடும் வாசிப்போம். ஆனால் மேடைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டது அண்ணி. பாட்டைக் கொடுத்தவர் முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத் தலையாட்ட வேண்டும். ஆட்டினால் நோட்டில் டிக். ஆட்டாவிட்டால் பாட்டு எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவோம். லிஃப்ட்காரர் உதட்டைப் பிதுக்கினார் என்று ஒரு பாட்டை அப்படித்தான் விட்டோம். அண்ணன் ஒரு வாரம் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது என் பொய்க்கு வருகிறேன்.

என் சீருடைச் சட்டைகளை வாங்கப் போன லாண்டரியில் ஒரு அக்கா தேய்த்துக்கொண்டே பாடினார்.

"போறவரே போறவரே, பொழுது இன்னும் இருக்கு,
சொல்ல வந்த சொல்லு ஒண்ணு... தொண்டையில இருக்கு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. "பதிவு பண்ணிக்கட்டுமாக்கா?" என்றேன். "பண்ணிக்கோ, நான் பாடிக்கிட்டேதான் இருப்பேன்" என்றார். போனை நீட்டிக்கொண்டு நின்றேன். ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று என் கண் முழுக்கப் போன் மேலேயே இருந்தது. அந்த அக்காவை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வகுப்பறையில் போட்டுக் கேட்டபோது அண்ணன் துள்ளினான். 'சொல்லு ஒண்ணு' என்றதும் ஒரு மௌனம், அப்புறம்தான் 'தொண்டையில இருக்கு'. ஒவ்வொரு அடியிலும் அதே இடத்தில், அதே நீளம். அண்ணன் தாளம் போட்டு அளந்தான். "மூணும் இல்ல, நாலும் இல்ல, மூணரைத் தட்டு! இதெல்லாம் யாரும் உக்காந்து கணக்குப் போட்டு வெச்சதில்ல, காலங்காலமா வந்தது" என்று ஒரு பிரசங்கமே பண்ணினான். நாங்களும் அப்படியே வாசித்தோம். எல்லா வாத்தியமும் ஒன்றாக நின்றுவிடும். அந்த மௌனத்தில் அண்ணி மட்டும் திரும்பி என்னைப் பார்ப்பார், வயலின் வில்லை இத்தனூண்டு தூக்குவார், நான் அடிப்பேன், பாட்டு திரும்பப் புறப்படும். சொன்னால் யாருக்கும் புரியாது, எனக்கு இந்த உலகத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

தலையாட்டல் வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது. போனேன். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. 'இடம் மாறிவிட்டோம்' என்று ஒரு காகிதம், அதற்குக் கீழே விலாசத்தை மழை அழித்துவிட்டது. நாலு மணிக்கு ஒரு மாணவிக்கு லைசென்ஸ் டெஸ்ட் வேறு. பாட்டைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. வகுப்பறைக்கு வந்து பொய் சொன்னேன்.

அந்தப் பாட்டுதான் எங்களைத் தூக்கிவிட்டது. அதற்காகவே ஜனங்கள் வந்தார்கள். மௌனம் வரும்போது முழுக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பத்திரிகையில் ஒருவர் 'சொல்லாத சொல்லின் கனம்' என்று எழுதினார். ஒரு கல்லூரிப் பெண் அந்த மூன்றரைத் தட்டைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம் ஆராய்ச்சி செய்து கொண்டுவந்து கொடுத்தாள். பெரிய கம்பெனிக்காரர் ஒருவர் தேடி வந்து, வகுப்பறையில் 'நில்' குறிக்குக் கீழே உட்கார்ந்து, "எல்லாம் பிரமாதம் சார். நடுவுல வர்ற அந்த கேப் மட்டும் வேணாம், எடுத்துடுங்க. கேக்கறவன் பாட்டு முடிஞ்சிடுச்சுன்னு வேற பாட்டுக்குத் தாவிடுவான்" என்றார். அண்ணன் மிக மரியாதையாக, "டீ ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றான். இப்படித்தான் நாங்கள் சுதந்திரமான பேண்டாகவே இருந்துவிட்டோம்.

இந்த வருடம் நகரத்தின் பெரிய அரங்கிலிருந்து அழைப்பு வந்தது. ஆயிரத்து இருநூறு இருக்கை, ஞாயிறு மாலை ஐந்து மணி. எனக்குத் தலைகால் புரியவில்லை, அண்ணி வாய் திறக்கும் வரைக்கும்.

"பாட்டுக் குடுத்த எல்லாரையும் கூப்பிட்டு முதல் வரிசையில உக்கார வைக்கணும்" என்றார். "அந்த ரெண்டு டிக் அம்மா நட்ட நடுவுல. பிரேக், உனக்குத்தானே அவங்களைத் தெரியும், நீயே போய் அழைச்சிடு."

"ஓ, அழைச்சிடலாமே" என்றேன். பாவி, அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அடுத்த மூன்று வாரம் என் மாணவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஊரிலுள்ள ஒவ்வொரு லாண்டரி முன்னாலும் வண்டி நிறுத்தப் பழகினார்கள். "இங்க ஓரமா நிறுத்துங்க, நான் ரெண்டு நிமிஷத்துல வர்றேன்" என்று இறங்கி ஓடி விசாரிப்பேன், உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்புவேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் என்னிடம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். முதல் கியரைத் தாண்டவே மாட்டார். ஏழாவது லாண்டரியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, நான் கார் ஓட்டப் பழகறேனா, இல்ல துணி போட வந்திருக்கேனா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "அந்த லாண்டரியா? அவங்க தபாலை எல்லாம் ரெண்டு வருஷம் நான்தான் அந்தப் பெரிய ஹோட்டலுக்குத் திருப்பி விட்டேன். மொத்த ஆளுங்களும் அங்க வேலைக்குச் சேந்துட்டாங்க. முதல்லயே என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?" என்றவர், சொன்ன வேகத்தில் இரண்டாவது கியரையும் போட்டுவிட்டார்.

ஹோட்டலின் அடித்தளத்தில் வெந்நீர் வாடை, மலைபோல் வெள்ளைத் துண்டுகள். பெரிய பெரிய எந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. அந்த அக்கா இப்போது பதினான்கு பேருக்குத் தலைவி. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார், முடி நரைத்திருந்தது. ஆனாலும் ஓரமாகத் தனக்கென்று ஒரு தேய்க்கும் மேசை வைத்துக்கொண்டு ஹோட்டல் மேலாளரின் சட்டைகளைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. பாட்டு என்றதும், "அட, அந்த போனைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நின்ன பொண்ணா!" என்று சிரித்தார். எங்கள் பாட்டை அவர் கேட்டதே இல்லையாம். இங்கே இறங்கிவிட்டால் எந்திரச் சத்தத்தைத் தவிர ஒன்றும் காதில் விழாதாம்.

போட்டுக் காட்டினேன். ரசித்துத்தான் கேட்டார். அந்த இடம் வந்தது. மௌனம்.

"என்ன, நின்னு போச்சு? சார்ஜ் இல்லையா?"

"இல்லக்கா. நீங்க பாடினப்போ அங்க நிறுத்தினீங்க. அதான்..."

"நான் எதுக்கு நிறுத்தறேன்?" என்று யோசித்தார். கையில் இருந்த சட்டையில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டே பாடிப் பார்த்தார். 'சொல்லு ஒண்ணு' என்றதும் பெட்டியைத் தூக்கி நிறுத்தி, சட்டையை இரண்டு கையாலும் எடுத்து, மறுபுறம் திருப்பிப் போட்டு, பெட்டியை வைத்து, 'தொண்டையில இருக்கு' என்றார். மூன்றரைத் தட்டு. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அடிப் பாவிங்களா, நான் சட்டையத் திருப்பிப் போட்டேன்மா!"

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. பத்திரிகைக்காரர், கம்பெனிக்காரர், நாற்பது பக்கப் பெண் எல்லாரும் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள்.

"சரிக்கா, பாட்டு பிடிச்சிருக்கா? தலையாட்டுவீங்களா?" என்று அசடு வழிந்தேன்.

"எதுக்கு ஆட்டணும்? விக்கல் எடுத்த மாதிரி நின்னு நின்னு போகுது. நேராப் பாடுங்க, நானே வந்து கேக்கறேன். பிடிச்சா ஆட்டறேன்." சட்டையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அன்னைக்கே வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அதைக் கேட்டதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. கச்சேரிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பறையில் எல்லாவற்றையும் சொன்னேன். மழையில் அழிந்த விலாசம், லைசென்ஸ் டெஸ்ட், இரண்டு தடவை ஆட்டியதாகச் சொன்னது, சட்டை, விக்கல். அண்ணன் முதலில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் படுத்து உருண்டு சிரித்தான். "ஒரு சட்டைக்காகவாடா கம்பெனியை விரட்டினோம்!" பல் டாக்டர் மெதுவாக, "பதினோரு வருஷமா ஒருத்தரோட சட்டைக்காக நான் மூச்சைப் பிடிச்சிருக்கேன்" என்றார். ஒரு வாரத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

அண்ணி சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்தார். ஸ்கேல் வைத்து, இரண்டு டிக்கின் மேலும் நேராக ஒரு கோடு போட்டார்.

"பொய் சொன்னதைக்கூட விடு" என்றார். "அந்த இடத்துல ஒவ்வொரு மேடையிலயும் நான் திரும்பி உன்னைத்தான் பார்ப்பேன். நீயும் என் கண்ணைப் பார்ப்பே. எப்படி முடிஞ்சுது உன்னால?"

நான் அழுதுவிட்டேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "சரி விடு, ஏதோ ஆயிடுச்சு" என்று பூசி மெழுகப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் திரும்பப் படுத்துக்கொண்டான்.

சட்டம் சட்டம்தான். தலையாட்டாத பாட்டை அப்படியே வாசிக்கக் கூடாது. அக்கா சொன்னபடி நேராக வாசிப்பதென்று முடிவாயிற்று. அவருக்குப் பிடித்தால் பாட்டு பிழைக்கும், பிடிக்காவிட்டால் அன்றோடு நோட்டிலிருந்து போய்விடும். வாசித்துப் பார்த்தால் எனக்குத்தான் வரவில்லை. அந்த இடம் வந்ததும் கை தானாக நின்றுவிடும். "பேரு வெச்சது சரியாத்தான் இருக்கு" என்றான் அண்ணன். அடித்துப் பிடித்து ஒரு வாரத்தில் வழிக்கு வந்தேன். ஆனால் மௌனம் இல்லையென்றால் அண்ணி திரும்பிப் பார்க்க வேண்டிய வேலையும் இல்லை. அவர் திரும்பவே இல்லை. காரில் போகும்போதும் பேச மாட்டார். நான் தேவையில்லாமல் பிரேக் போட்டால்கூடத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கச்சேரி நாள். அரங்கு நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் பத்தொன்பது பேர். லிஃப்ட்காரர்கூட வந்திருந்தார், உதட்டைப் பிதுக்கிய குற்றத்துக்குப் பரிகாரமாக எல்லாவற்றுக்கும் கை தட்டிக்கொண்டிருந்தார். நட்ட நடுவில் லாண்டரி அக்கா, விறைப்பாகத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு. கடைசிப் பாட்டாக அதை வைத்திருந்தோம். அண்ணன் 'போறவரே' என்று எடுத்ததுமே கூட்டம் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டது. 'சொல்லு ஒண்ணு' வந்தது. நாங்கள் நிற்காமல் போனோம். ஆயிரத்து இருநூறு பேரும் டக்கென்று நின்றுவிட்டார்கள்.

அவர்கள் மூன்றரைத் தட்டு கழித்து 'தொண்டையில' என்று வரும்போது நாங்கள் அடுத்த அடியில் இருந்தோம். அண்ணன் தடுமாறினான், டாக்டர் வேறு எங்கேயோ இருந்தார். குழம்பிக் கூழாகிப் பாட்டு நின்றே போனது. கூட்டத்தில் ஒரே முணுமுணுப்பு.

என்ன துணிச்சல் வந்ததோ தெரியாது, எழுந்து போய் அண்ணன் மைக்கை வாங்கிக்கொண்டேன். "தப்பு என்னோடது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யையும் விடவில்லை. சட்டை என்றதும் அரங்கு இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. நாற்பது பக்கப் பெண் நாலாவது வரிசையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

சிரிப்புக்கு நடுவில் லாண்டரி அக்கா எழுந்து நின்றார். "இந்தப் பாட்டு இப்படியில்ல, இருங்க, நானே பாடிக் காட்டறேன்" என்று விடுவிடுவென்று மேடை ஏறிவிட்டார். அண்ணன் மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கினான்.

அவர் பாடினார். வலது கை முன்னால் நீண்டு, அங்கே இல்லாத ஒரு மேசை மேல் முன்னும் பின்னும் போய்வந்தது. "போறவரே போறவரே, பொழுது இன்னும் இருக்கு, சொல்ல வந்த சொல்லு ஒண்ணு..."

நின்றுவிட்டார்.

இரண்டு கையும் தானாக எழுந்து, காற்றில் ஒரு சட்டையை எடுத்து, திருப்பிப் போட்டது. அரங்கில் ஒரு இருமல் இல்லை. அவர் தன் கைகளையே பார்த்தார். "தொண்டையில இருக்கு" என்று முடித்துவிட்டு, "அட!" என்றார் மைக்கிலேயே.

அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். "மேசைக்கு முன்னால தவிர நான் இதை எங்கயும் பாடினதே இல்லம்மா. எனக்குச் சொல்லிக்குடுத்தவளும் பக்கத்து மேசையில சட்டை தேச்சவதான். அவளும் திருப்பிப் போட்டுக்கிட்டேதான் பாடியிருப்பா. இத்தனை வருஷம் எனக்கே தெரியல." கொஞ்சம் யோசித்தார். "நிறுத்தியே வாசிங்க. அப்பதான் பாட்டு."

தலையாட்டினார். ஒரு தடவைதான். நான் எண்ணினேன்.

நான் ஓடிப் போய் டிரம்ஸில் உட்கார்ந்தேன். அக்கா இரண்டாவது அடியை எடுத்தார், நாங்கள் சேர்ந்துகொண்டோம், கூட்டமும் சேர்ந்துகொண்டது. அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது. அக்காவின் கை சட்டையைத் திருப்பியது. ஆயிரத்து இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நான் குச்சியைத் தூக்கிக்கொண்டு அண்ணியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி திரும்பினார். என்னைப் பார்த்தார். வில்லை இத்தனூண்டு தூக்கினார்.

நான் அவர் கண்ணைப் பார்த்து அடித்தேன்.